ஒரு ரப்பர் முத்திரைக்காக இரண்டு போட்டி: எங்கள் நூலக மென்பொருளுக்குச் சின்னம் செய்த பதிவு

அச்சுக்கடை அண்ணன் முத்திரையை மையில் ஒற்றி வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்தார். தாளில் ஒரு நீல வட்டம், அதற்குள் கறை. மையைக் குறைத்து மறுபடி அழுத்தினார். கறை கொஞ்சம் வெளிறியது. "தங்கச்சி, உள்ள என்ன இருக்குன்னு எனக்குப் புரியலையே" என்றார்.

உள்ளே நிறைய இருந்தது. உதிக்கும் சூரியன், உலக உருண்டை, திறந்த புத்தகம், இரண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலை, நடுவில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை. 312 பேர் விருப்பக்குறி போட்டுத் தேர்ந்தெடுத்த சின்னம். கைப்பேசித் திரையில் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. 25 மில்லிமீட்டர் ரப்பருக்குள் போனதும் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கள் மென்பொருள் சின்னது. தமிழ்ப்பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்று குறித்து வைக்கும். இணையம் இல்லாமல் பழைய மடிக்கணினியிலும் ஓடும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி 6 பள்ளிகளில் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள். நிரல் எழுதுவது, சோதிப்பது, மலாய்க்கு மொழிபெயர்ப்பது எல்லாமாகச் சேர்த்து 11 பேர் இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் பகலில் செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறேன், இரவில் இந்த வேலை.

மூன்று வருடம் சின்னம் இல்லாமலேதான் ஓட்டினோம். ஒரு தலைமையாசிரியை வந்து, "புத்தகத்துல அடிக்க ஒரு முத்திரை வேணும்மா, பள்ளிக்கூட முத்திரை வேற, நூலக முத்திரை வேற" என்று கேட்ட பிறகுதான் பேச்சே ஆரம்பமானது. போட்டி வைப்போம் என்று சொன்னது நான். எங்களில் யாருக்கும் வரையத் தெரியாது. திறந்த மூல மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் நிரல் அனுப்பலாம், அதேபோல யார் வேண்டுமானாலும் சின்னம் அனுப்பட்டுமே என்று நினைத்தேன். அந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் போட்டியின் அறிவிப்பு மூன்றே வரி. நூலக மென்பொருளுக்குச் சின்னம் வேண்டும், 3 வாரம் அவகாசம், பரிசு 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வந்தவை 37 வரைவுகள். இவ்வளவு பேர் நமக்காக உட்கார்ந்து வரைந்திருக்கிறார்களே என்று அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நன்றி இப்போதும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது வேலை கனத்தது.

பாதிக்கு மேல் பிஎன்ஜி படங்கள். பெரிதாக்கினால் ஓரம் கட்டம் கட்டமாக உடைந்தது. படத்தை வைத்தே இணையத்தில் தேடிப் பார்த்ததில் நான்கு வரைவுகள் விலைக்கு விற்கும் படக்கிடங்கிலிருந்து எடுத்து நிறம் மாற்றியவை என்று தெரிந்தது. சிலவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்திருந்தது. அதில் சட்டென்று கண்ணில் படுவது தமிழ்தான்: எழுத்து மாதிரி இருக்கும், எழுத்தாக இருக்காது. ஒன்றில் "நூலகம்" என்று வர வேண்டிய இடத்தில் நெளிவும் சுழியும்தான் இருந்தன. கையால் செய்த வரைவுகளிலும் எழுத்துச் சிக்கல் இருந்தது. சில வரைமென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். "நூல்கொடை" என்று எழுதியிருந்தவருக்கு ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய நாட்டில் இருந்துகொண்டு, பள்ளி நூலகத்துக்கு எழுத்துடைந்த சின்னத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வாக்கெடுப்பைச் சமூக ஊடகத்தில் வைத்ததுதான் அடுத்த தவறு. ஒரு வரைவுக்கு ஒரே இரவில் இருநூற்றுச் சொச்சம் விருப்பக்குறிகள் ஏறின. அவர் ஏமாற்றவில்லை, சொந்தபந்தத்திடம் கேட்டிருக்கிறார், அவர்களும் போட்டுவிட்டார்கள். நாங்கள் வைத்த விதி அப்படி. அந்த வரைவுதான் ஜெயித்தது, அச்சுக்கடையில் கறையானதும் அதுதான்.

அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். பரிசுப் பணத்தைக் கொடுத்தோம், முத்திரைத் தாளையும் காட்டினோம். "முத்திரைக்குன்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி வரைஞ்சிருப்பேனே அக்கா" என்றார். அந்த ஒரு வாக்கியம் ரொம்ப நாள் என் தலைக்குள் ஓடியது. அவர் சொன்னது சரி. நாங்கள் சொல்லவே இல்லை.

ஈப்போவில் வரைகலை வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைக் கொண்டுபோனேன். அவருக்குப் போட்டி என்ற சொல்லே பிடிக்காது. 37 பேர் உழைக்கிறார்கள், ஒருவருக்குக் கூலி கிடைக்கிறது, 36 பேரின் உழைப்பு குப்பைக்குப் போகிறது, இதே வேலையைத் தோட்டத்தில் கேட்டால் கங்காணியைச் சும்மா விடுவார்களா என்றார். அமெரிக்க வரைகலைஞர் சங்கமான ஏஐஜிஏவும் ஊதிய உறுதி இல்லாமல் வரைந்து தரச் சொல்வதை நெடுங்காலமாக எதிர்த்து வருகிறது. நான் ஒரு பதில் சொல்லிப் பார்த்தேன்: எங்களில் யாருக்குமே கூலி இல்லை, நிரல் அனுப்புபவருக்கும் கிடையாது. அதற்கு அவர் கேட்ட கேள்விதான் என் ஒப்பீட்டின் ஓட்டையைக் காட்டியது. "ஒருத்தர் அனுப்பின நிரல் சரியில்லன்னா நீங்க என்ன செய்வீங்க?"

குறை எழுதித் திருப்பி அனுப்புவோம். இந்த வரியில் பிழை, இந்தப் பெயர் புரியவில்லை, இதற்குச் சோதனை இல்லை என்று சொல்வோம். அவர் திருத்தி மறுபடி அனுப்புவார். இரண்டு மூன்று தடவை போய்வந்து கடைசியில் சேரும். அனுப்பியவரும் எதையோ கற்றுக்கொண்டிருப்பார். எங்கள் சின்னப் போட்டியில் அது எதுவுமே இல்லை. வரைவு வந்தது, குறி விழுந்தது, ஒன்று ஜெயித்தது, மற்றவை தோற்றன. யாருக்கும் யாரும் ஒரு வரி எழுதவில்லை. திறந்த மூலத்தில் எது நன்றாக வேலை செய்கிறதோ அதை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போட்டி நடத்தியிருக்கிறோம்.

இந்தக் கண்ணோடு மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் பென்குவினான டக்ஸ், 1996-இல் லேரி யூயிங் கிம்ப் என்ற பட மென்பொருளில் வரைந்தது. லினக்சுக்குச் சின்னம் தேடி நடந்த போட்டிகளில் அது ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் பென்குவின் வேண்டும் என்று ஆசைப்பட்டது லினக்சைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். தன்னையும் கிம்பையும் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று யூயிங் அனுமதி கொடுத்தார். எத்தனையோ பேர் தொப்பி போட்டும் சட்டை மாட்டியும் அதை மாற்றி வரைந்து வரைந்துதான் அது உலகம் முழுக்கப் போனது.

விக்கிப்பீடியாவின் புதிர் உருண்டை 2003-இல் நடந்த போட்டியில் வந்தது. மூல யோசனை 17 வயது இளைஞருடையது. இன்னொருவர் அதைத் திருத்தி வரைந்த பிறகுதான் அது தளத்தில் ஏறியது. அப்படியும் தேவநாகரி எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் பிழை இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் வருடக்கணக்காகச் சுட்டிக்காட்டி, 2010-இல் உருண்டையை மறுபடி செய்தபோதுதான் சரியானது. தமிழ் எழுத்து உடைந்த வரைவுகளைப் பார்த்து நொந்திருந்த எனக்கு இது நன்றாகவே உறைத்தது.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு 2003 முதல் ஒரு சூரியகாந்திப் புகைப்படம்தான் சின்னம். புகைப்படம் சிறிதாகாது, ஒரே நிறத்தில் அச்சாகாது. 2021-இல் மாற்றினார்கள். போட்டிதான், ஆனால் இரண்டு சுற்று: முதலில் எந்த வரைவு என்று தேர்வு, பிறகு அந்த வரைவின் எந்த வடிவம் என்று தேர்வு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா போட்டியே வைக்கவில்லை. மாரின் டஃபி என்ற வடிவமைப்பாளர் பழைய சின்னத்தின் குறைகளைப் பட்டியல் போட்டு, வரைவுகளை ஊர் முன்னால் வைத்து, கருத்துக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 2021-இல் புதியது வந்தது. அவர் பட்டியலில் இருந்த குறைகளில் ஒன்று, பழைய சின்னம் ஒரே நிறத்தில் சரியாக வராது என்பது. எங்கள் முத்திரைச் சிக்கலும் அதேதான்.

போட்டி வேண்டாம் என்று நண்பர் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. எங்களுக்கு டஃபி மாதிரி ஒருவர் இல்லை. யோசனை எங்கிருந்து வரும் என்று தெரியாதபோது பலரையும் கேட்பது நல்லதுதான். கேட்ட பிறகு கூட உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அதுதான் பாக்கி. சரி, இன்னொரு தடவை செய்வோம் என்று முடிவானது.

இரண்டாவது அறிவிப்பு இரண்டு பக்கம். முதல் வரியே முத்திரை பற்றியது: 25 மில்லிமீட்டர், ஒரே நிறம், அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு வேண்டாம். கைப்பேசியிலும் உலாவியின் தாவலிலும் 16 புள்ளிக்கு 16 புள்ளி (பிக்சல்) அளவில் அடையாளம் தெரிய வேண்டும். கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் நிற்க வேண்டும். தமிழ் எழுத்து இருந்தால் அது எழுத்தாக இருக்க வேண்டும். கணினியில் வரைய வேண்டாம், பென்சிலில் வரைந்து படம் பிடித்து அனுப்பினால் போதும் என்றும் எழுதினோம். இந்தக் கடைசி வரி பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது. அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலையைத்தான் எல்லோரிடமும் கேட்டோம். தேர்வாகாதவருக்குப் போன நேரமும் அவ்வளவுதான். தேர்வாகும் 5 பேருக்கும் ஆளுக்கு 100 வெள்ளி, மேற்கொண்டு உழைப்பது அவர்கள் மட்டும்.

29 பென்சில் படங்கள் வந்தன. 29 பேருக்கும் பதில் எழுதினோம், ஒவ்வொருவருக்கும் நான்கைந்து வரி. மொத்தம் நான்கு இரவு பிடித்தது. ஒருவர், இதுவரை எத்தனையோ போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன், எது சரியில்லை என்று எழுதிக் காட்டியது நீங்கள்தான் என்று மறுபதில் போட்டார்.

அந்த 29-இல் ஒன்று இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 படிக்கும் பெண் அனுப்பியது. ஒரு புத்தகம் நிமிர்ந்து நிற்கிறது, மரத்தண்டு மாதிரி. அட்டையின் மேல் மூன்று சாய்கோடுகள். கீழே ஒரு மங்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், அதில் ஒரு சொட்டுப் பால். பாட்டியின் பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தேன் என்று எழுதியிருந்தாள். மூன்று கோடும் பால்மரத்து, அதாவது ரப்பர் மரத்து வெட்டாகவும் இருக்கிறது, ஏட்டில் எழுதிய வரியாகவும் இருக்கிறது. பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மா 26 வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்.

எங்கள் குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. "இங்க எங்க இருக்கு கித்தா மரம், ரப்பர் மரம்? எல்லாம் செம்பனையாகி எவ்வளவு காலமாச்சு? பிள்ளைங்களுக்கு மங்குன்னா என்னன்னே தெரியாது" என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளை விட்டு எல்லோரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆனால் வரைந்து அனுப்பியவளே அப்படிப்பட்ட பிள்ளைதான். பாட்டியின் புகைப்படத்தில் அவள் எதையோ கண்டெடுத்திருக்கிறாள். அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. முதல் ஐந்தில் அதையும் வைத்தோம்.

அடுத்த இரண்டு வாரம் திருத்தம். ஐந்து வரைவுகளையும் அச்சிட்டு வீட்டு மேசையில் பரப்பியிருந்தேன். அம்மா தேநீரோடு வந்து உட்கார்ந்தார். மங்குப் படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரும்மா வெட்டுனது?"

"படிக்கிற பொண்ணும்மா. ஏன்?"

"வெட்டு தப்பா இருக்கு. இடது கைப்பக்கம் ஒசந்து, வலது கைப்பக்கம் இறங்கணும். இது தலைகீழா ஓடுது. அப்புறம், ஒரு மரத்துல மூணு வெட்டு எங்க இருக்கு? ஒரு வெட்டுதான். அதுலதான் பால் ஓடும்."

பிறகு நான் படித்துப் பார்த்தேன். பால் ஓடும் நாளங்கள் மரப்பட்டைக்குள் செங்குத்தாகப் போவதில்லை, மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகமான நாளங்கள் அறுபடும், பாலும் அதிகம் வரும். ஒட்டுக்கட்டிய மரத்துக்குச் சாய்வு சுமார் 30 பாகை. அம்மாவுக்குப் பாகைக் கணக்கு தெரியாது, கைக்குத் தெரியும். அந்தப் பெண் படத்தைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பிடித்து அனுப்பியிருக்கிறாள், அது இடவலம் மாற்றிவிட்டது. கோடு திரும்பியதற்குக் காரணம் அவ்வளவுதான். மூன்று கோடு மட்டும் அவளே வைத்தது.

குறையை எழுதி அனுப்பினோம். மறுநாளே அழைத்தாள். "அக்கா, ஒரே கோடுன்னா அது எழுத்து வரி மாதிரி தெரியாதே?" என்று கவலைப்பட்டாள். இதை எப்படித் தீர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து அவளே ஒரு படம் அனுப்பினாள். ஒரே தடித்த வெட்டு, அதன் கீழ்முனையிலிருந்து நேராக இறங்கும் கோடு, அதன் அடியில் மங்கு. எழுத்து வரி போய்விட்டது. ஆனால் புத்தகத்தின் முதுகு மடிப்பும் பால் இறங்கும் தடமும் ஒரே கோடாகிவிட்டன. முந்தையதைவிட இது எவ்வளவோ மேல். அம்மா சொன்ன குறையும் முத்திரைக்கு வேண்டிய எளிமையும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன.

மற்ற நான்கு வரைவுகளும் இந்த இரண்டு வாரத்தில் நன்றாகவே மேம்பட்டன. "நூ" என்ற எழுத்தின் சுழியையே புத்தகம் தாங்கும் பலகையாக வளைத்த ஒரு வரைவு எங்களில் பலருக்குப் பிடித்திருந்தது. அதனால் தேர்வு எளிதாக இல்லை.

இந்தத் தடவை விருப்பக்குறி கிடையாது. வேலை செய்கிற 11 பேரும் ஐந்து வரைவுகளை வரிசைப்படுத்தித் தாளில் எழுதிக் கொடுத்தோம். எண்ணியது காண்டோர்செட் முறையில். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் தன் வாக்கெடுப்புகளுக்கு இந்த வழியில்தான் எண்ணுகிறது, 2009-இல் ஹாஸ்கெல் நிரல்மொழிக்குச் சின்னம் தேர்ந்தெடுத்தபோதும் இதே முறைதான். செய்வது சுலபம்: இரண்டிரண்டாக எடுத்து, இந்த இரண்டில் எதை அதிகம் பேர் மேலே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். ஐந்து வரைவுக்கு 10 ஜோடி. பென்சிலும் கட்டம் போட்ட தாளும் இருந்தால் அரை மணி நேர வேலை.

பலன் என்ன என்பதற்கு எங்கள் கணக்கே சாட்சி. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் "நூ" வரைவுக்கு 4, மங்கு வரைவுக்கு 3, மீதி 4 வாக்குகள் மற்ற மூன்றுக்கும் சிதறியிருந்தன. வழக்கமான முறை என்றால் "நூ" ஜெயித்திருக்கும். ஜோடியாகப் பார்த்தபோது சிதறிய அந்த 4 பேருமே "நூ"வைவிட மங்கு வரைவை மேலே வைத்திருந்தார்கள். 7-க்கு 4. மற்ற மூன்றையும் மங்கு வென்றது. கித்தா மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டவரும் அந்த 7-இல் ஒருவர்.

இனி இன்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் வேலை. முதலில் சோம்பல்பட்டுப் பென்சில் படத்தைத் தானியங்கித் தடமெடுப்பில் போட்டேன். வெளியே வந்த வடிவத்தில் கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் கணுக்கள் ஆயிரத்துக்கு மேல். பென்சிலின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது கோடாக்கியிருந்தது. எளிமையாக்கும் கட்டளையைக் கொடுத்தால் மங்கின் வளைவு கோணலானது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படத்தை அடியில் மங்கலாக வைத்து, மேலே பெசியர் எனப்படும் வளைகோடுகளால் கையால் வரைந்தேன். முழுச் சின்னமும் 22 கணுக்களில் முடிந்தது. அந்தப் பெண்ணைக் காணொளி அழைப்பில் வைத்துக்கொண்டே வரைந்தேன். மங்கின் விளிம்பு எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அவள்தான் சொன்னாள்.

கோடாக வரைந்தவற்றை முடிவில் நிரம்பிய வடிவமாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அளவைச் சுருக்கும்போது சில மென்பொருள்களில் கோட்டின் தடிமன் சுருங்காமல் அப்படியே நிற்கும். எழுத்தையும் வடிவமாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்து வந்துவிடும். மாற்றுவதற்கு முன்பு மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் சேமிக்கவில்லை, மென்பொருளின் பெயரை மறுபடி முதலிலிருந்து அமைத்தேன். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் சின்னத்தில் பயன்படுத்தத் தடையில்லை. முக்த மலரின் தடித்த வடிவம் மங்கின் கனத்தோடு ஒட்டிப்போனது.

நிறத்தில் நான் முதலில் பால்வெள்ளைச் சொட்டும் வெளிர்மஞ்சள் பின்னணியுமாக ஆசைப்பட்டேன். வலை அணுகல் வழிகாட்டியின்படி படக்குறிகளுக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 3-க்கு 1 இருக்க வேண்டும். என் மஞ்சள் அதற்குக் கிட்டக்கூட வரவில்லை. கரும்பச்சையும் வெள்ளையும் போதும் என்று முடிந்தது.

16 புள்ளி அளவில் புதிய சிக்கல் ஒன்று வந்தது. சொட்டு ஒரே ஒரு சாம்பல் புள்ளியாகி, மங்கின் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. சின்ன அளவுக்குத் தனிக் கோப்பு வரைந்தேன்: சொட்டு இல்லை, வெட்டு இன்னும் தடிப்பு, மங்கின் அடி புள்ளிக்கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. ஒரே கோப்பை எல்லா அளவுக்கும் சுருக்குவதைவிட இப்படி இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. பள்ளி நகலெடுப்பு இயந்திரத்தில் நகலின் நகலின் நகல் என்று ஐந்து தடவை எடுத்துப் பார்த்தோம். ஐந்தாவதிலும் புத்தகமும் மங்கும் தெரிந்தன.

முத்திரை மறுபடி அதே அண்ணன் கடையில். லேசரில் ரப்பரைச் செதுக்கித் தருகிறார், ஒன்று 35 வெள்ளி. வெட்டுக்கும் புத்தக விளிம்புக்கும் இடையில் இருந்த வெள்ளை இடைவெளி முதல் அச்சில் மை நிரம்பி அடைபட்டது. கோட்டின் தடிமனை மட்டும் யோசித்திருந்தேன், இடைவெளியின் அகலத்தை மறந்துவிட்டேன். இடைவெளியை முக்கால் மில்லிமீட்டராக்கி வேறு ரப்பர் செதுக்கினோம். அண்ணன் ஒற்றி அழுத்தினார். தாளைத் திருப்பி என்னிடம் காட்டுவதற்கு முன்பே, "பால்மரமா?" என்றார்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வரைந்தவருக்குத்தான் முதலில் உரிமை. அதை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். நாங்கள் உரிமையைக் கேட்கவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரும் வகையில் வெளியிடச் சம்மதம் மட்டும் கேட்டோம். தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத் தாள். அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்பதால் அம்மாவும் கையெழுத்துப் போட்டார். எது சொந்தமாக வரைந்தது, எதைப் பார்த்து வரைந்தது என்று ஒரு பத்தியும் அந்தத் தாளில் உண்டு. முதல் போட்டியில் நான்கு படக்கிடங்கு வரைவுகளால் பட்ட பாட்டுக்குப் பிறகு சேர்த்தது அது.

மொத்தச் செலவு: முதல் போட்டிக்கு 300, இரண்டாவதற்கு 500, பாழான இரண்டு ரப்பரையும் சேர்த்து முத்திரைகளுக்கு 280 வெள்ளி. ஈப்போ நண்பரிடம் கணக்கைக் காட்டினேன். 800 வெள்ளிக்கு ஒரு வரைகலைஞரிடமே போயிருக்கலாமே என்றார். போயிருக்கலாம், நல்ல சின்னமும் கிடைத்திருக்கும். ஆனால் வெட்டு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று என் அம்மாவிடம் யார் கேட்டிருப்பார்கள்? அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. திருத்தும் இரண்டு வாரத்தில் அவரும் நான்கு குறிப்புகள் எழுதிக் கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மங்கின் விளிம்பைத் தட்டையாக்கச் சொன்னது அவர்தான்.

"நூ" வரைவை வரைந்தவர், நூலக அலமாரிகளில் ஒட்டும் பிரிவு அட்டைகளுக்கு அதே பாணியில் எழுத்துகள் செய்து தருகிறேன் என்று முன்வந்தார். கதை, அறிவியல், வரலாறு என்று மூன்று முடிந்திருக்கின்றன. முதல் போட்டியில் ஜெயித்தவரும் இப்போது எங்களோடு இருக்கிறார், கையேட்டுக்குப் படம் வரைகிறார். அவருடைய சூரியனும் பிள்ளையும் கையேட்டின் அட்டையில் பெரிய அளவில் அழகாக இருக்கின்றன.

மீதமிருப்பது சட்டை. நூலகப் பொறுப்பு மாணவர்களுக்குப் பின்னலாடைச் சட்டையில் தையல் சின்னம் வேண்டும் என்று இரண்டு பள்ளிகள் கேட்டிருக்கின்றன. தையலில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி நிற்காது, நூல் மூடிவிடும் என்கிறார் கடைக்காரர். அந்தப் பெண் மூன்றாவதாக ஒரு வடிவம் வரைந்துகொண்டிருக்கிறாள், நேற்று அனுப்பியதில் மங்கைக் கட்டும் கம்பியையும் சேர்த்திருந்தாள். அம்மாவிடம் காட்டினேன். கம்பி சரியாக இருக்கிறதாம், மங்குதான் மரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிறதாம்.